நடுகல் எழுத்து படத்தில் தெரியவில்லையா? வெளிச்சத்தை மாற்றுங்கள்

கேள்வி: செங்கம் பக்கம் வசிக்கிறேன். விடுமுறை நாட்களில் சுற்றுவட்டார நடுகற்களை, அதாவது இறந்த வீரர் நினைவாக நட்ட கற்களை, படமெடுத்துச் சேர்த்து வருகிறேன். கையில் இருப்பது பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்றும் செல்போனும்தான். நேரில் தெரிகிற எழுத்து படத்தில் தெரிவதில்லை. சாக்பீஸ் தேய்த்து எடுக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா? எடுத்த படங்களை என்ன செய்வது?

பதில்: சாக்பீஸ் வேண்டாம். மாவு, விபூதி, எண்ணெய் எதுவும் வேண்டாம். கல் கெடும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய சிக்கல், நீங்கள் சாக்பீஸால் நிரப்புவது கல்லில் இருக்கும் எழுத்தை அல்ல, இருப்பதாக நீங்கள் நினைக்கும் எழுத்தை. உங்கள் பகுதிப் பழைய நடுகற்களில் பெரும்பாலும் வட்டெழுத்துதான், வளைந்து ஓடும் பழைய தமிழ் எழுத்து வகை அது. அதில் ஒரு வளைவு கூடினாலும் குறைந்தாலும் வாசிப்பே மாறிவிடும். பிறகு படத்தைப் பார்க்கிற கல்வெட்டு அறிஞருக்கு உங்கள் கோடு எது, கல் வெட்டியவர் கோடு எது என்று தெரியாது.

எழுத்தை எடுத்துக் காட்டுவது நிழல்தான். வெயில் கல் முகத்தில் நேராக விழுந்தால் பள்ளமும் மேடும் ஒன்றாகிவிடும். கேமராவிலேயே உள்ள ஃபிளாஷும் அதையேதான் செய்யும். வெளிச்சம் கல்லின் பரப்பை உரசிக்கொண்டு, பக்கவாட்டில் இருந்து வர வேண்டும். கிழக்கு பார்த்த கல் என்றால் வெயில் பக்கவாட்டில் சரியும் முற்பகலில் போங்கள். வடக்கு பார்த்த கல்லில் பல மாதங்களில் நேர் வெயிலே விழாது. அதற்கு ஒரு நல்ல டார்ச் போதும். பொழுது சாய்ந்த பிறகு கேமராவை முக்காலியில் நிறுத்தி, துணைக்கு வந்தவரை டார்ச்சைக் கல்லின் ஓரத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். பகலிலேயே எடுத்தாக வேண்டும் என்றால் கருப்புக் குடையோ போர்வையோ பிடித்து வெயிலை மறைத்துவிட்டு டார்ச் அடிக்கலாம்.

பலர் இங்கே ஒரே ஒரு படத்தோடு திருப்தி அடைந்துவிடுகிறார்கள். இடப்பக்க வெளிச்சத்தில் செங்குத்துக் கோடுகள் துலங்கும், படுக்கைக் கோடுகள் மறைந்துவிடும். மேலிருந்து அடித்தால் நேர்மாறு. அதனால் கேமராவை அசைக்காமல் இடம், வலம், மேல், கீழ் என்று குறைந்தது நான்கு படங்கள் எடுங்கள். கீழிருந்து அடித்த படத்தில் பள்ளமான எழுத்து புடைத்தது போலத் தோன்றும். கண் செய்யும் மாயம் அது, பயப்பட வேண்டாம்.

கேமரா கல் முகத்துக்கு இணையாக இருக்கட்டும். கிட்டே நின்று அகலக் கோணத்தில் எடுத்தால் ஓரம் வளையும். தள்ளி நின்று ஜூம் செய்யுங்கள். கல்லை ஒட்டி அளவுகோல் வைத்து ஒரு படம், வைக்காமல் ஒரு படம். எழுத்து நீளமாக ஓடினால் துண்டுகளாக, ஒன்றின்மேல் ஒன்று படியும்படி எடுங்கள். ஆங்கிலேயப் படக்கலைஞர் லின்னேயஸ் ட்ரைப் 1858-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதிக் கல்வெட்டுகளை இப்படித்தான் எடுத்தார். 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளம்! அன்றைய கேமராவுக்கு அது அசுர வேலை.

எழுத்தோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் வட்டாரத்து எடுத்தனூரில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றில் வீரன் பக்கத்தில் ஒரு நாய் நிற்கிறது. கள்ளனைக் கடித்துக் காவல் காத்த அந்த நாயின் பெயரையும் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். மூலையில் இருக்கும் சின்ன உருவம் என்று விட்டுவிட்டால் பாதிக் கதை போய்விடும். சிமிழ், கெண்டி (மூக்கு வைத்த நீர்க்கலம்), மாடு, அம்பு என்று எது இருந்தாலும் தனித்தனியாகக் கிட்டத்தில் எடுங்கள்.

பல கற்கள் வேடியப்பன் என்ற ஊர்ச் சாமியாக வழிபாட்டில் இருக்கின்றன. பூசை செய்பவரைக் கேட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள். எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்ட வேண்டாம், அது அவர்கள் சாமி. அந்தக் கல்லைப் பற்றி ஊரார் சொல்லும் கதையை அவர்கள் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். கல்வெட்டோடு ஒத்துப்போகாவிட்டாலும் பரவாயில்லை.

ஒவ்வொரு கல்லுக்கும் முதல் படமாக உங்கள் நோட்டுப் பக்கத்தை எடுத்துவிடுங்கள். ஊர், வட்டம், யார் நிலம், கல் எந்தத் திசை பார்க்கிறது, உயரம், அகலம், எவ்வளவு மண்ணில் புதைந்திருக்கிறது, தேதி: இவ்வளவும் அதில் இருக்கட்டும். பிறகு எந்தப் படம் எந்தக் கல் என்று குழம்பாது. படங்களை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வைத்து, ஒன்றை வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள்.

புதுக் கல் என்று அறிவிக்கும் முன் தொல்லியல் துறை 1972-ல் வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ தொகுதியைப் பாருங்கள். உங்கள் கல் அதில் இருந்தாலும் உங்கள் படம் வீணில்லை, கல்லின் இன்றைய நிலையை அது காட்டும். அதில் இல்லை என்றால் கிராம நிர்வாக அலுவலரிடமும் தொல்லியல் துறையிடமும் படத்தோடு எழுத்தில் தெரிவியுங்கள். பாதுகாப்பு என்று சொல்லிக் கல்லை நீங்களே நகர்த்த வேண்டாம். முகநூலில் போடுவதானால் ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஜிபிஎஸ் புள்ளியைப் படத்திலிருந்து நீக்கிவிட்டே போடுங்கள். நடுகல்லுக்கு அடியில் புதையல் இருக்கிறது என்று நம்பித் தோண்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.