இரட்டை இறக்கை, குட்டை மூக்கு: பெரிய மாடல் கட்டுபவர்களின் கேள்விகள்

இந்த முறை வந்திருப்பவை எல்லாம் ரேடியோவால் ஓட்டும் இரட்டை இறக்கை மாடல் விமானங்களைப் பற்றிய கேள்விகள். பாதிப் பேர் கட்டுவது டைகர் மாத் என்ற பழைய பயிற்சி விமானத்தின் கால் பங்கு அளவு மாடல். மீதிப் பேர் கட்டுவது சாப்வித் பப் என்ற முதல் உலகப் போர்க் காலத்துப் போர் விமானம். இரண்டுக்கும் பொதுவானதைப் பொதுவாகச் சொல்கிறேன், வேறுபடும் இடத்தில் மட்டும் பெயர் சொல்கிறேன்.

கேள்வி: ஜயன்ட் ஸ்கேல், அதாவது பெரிய அளவு மாடல், என்பதற்கு ஏதாவது கணக்கு உண்டா? இதுவரை ஒன்றரை மீட்டர் ட்ரெய்னர் (பழகுவதற்கான மாடல்)தான் ஓட்டியிருக்கிறேன். நேராக இதற்குத் தாவலாமா?

பதில்: இறக்கை முனைக்கு முனை, ஒற்றை இறக்கை என்றால் குறைந்தது 80 அங்குலம், இரட்டை இறக்கை என்றால் குறைந்தது 60 அங்குலம், அல்லது நிஜ விமானத்தில் கால் பங்கு. இதுதான் அமெரிக்காவில் தொடங்கிப் பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. நிஜ டைகர் மாத்தின் இறக்கை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 29 அடி 4 அங்குலம். கால் பங்கு 88 அங்குலம், அதாவது 2.23 மீட்டர்.

எடையைப் பார்த்தால் இன்னும் சுவாரசியம். நீளம், அகலம், உயரம் மூன்றும் நான்கில் ஒன்றாகும்போது எடை 64-இல் ஒன்றாக வேண்டும். நிஜ டைகர் மாத் முழுச் சுமையோடு 828 கிலோ. வகுத்தால் 13 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கவனமாகக் கட்டிய மாடல் 8 முதல் 10 கிலோவிலேயே நின்றுவிடும். அதனால்தான் பெரிய மாடல் துள்ளாமல் துடிக்காமல் நிதானமாகப் பறக்கிறது. சின்னதை ஓட்டுவதைவிட இதை ஓட்டுவது சுலபம் என்றே சொல்வேன்.

தாவலாம், ஆனால் நடுவில் ஒரு படி இருக்கிறது. உங்கள் ட்ரெய்னருக்கு மூக்குச் சக்கரம் இருந்தால், முதலில் வால் சக்கரம் உள்ள ஏதாவது ஒரு சாதாரண மாடலை ஒரு சீசன் ஓட்டுங்கள். ரட்டர் (மூக்கை இடம் வலம் திருப்பும் வால் தகடு) குச்சியை விரல் தானாகத் தேடும் பழக்கம் வந்த பிறகு இதற்கு வாருங்கள்.

கேள்வி: கிட் (மாடலின் பாகங்கள் உள்ள பெட்டி) வந்துவிட்டது. பெட்டியைத் திறந்ததும் உடல் கட்டத்தான் கை துடிக்கிறது. எங்கே தொடங்குவது?

பதில்: வாலில். பழைய இரட்டை இறக்கை விமானம் எதுவானாலும் என் பதில் மாறாது.

காரணம் அந்தக் குட்டை மூக்கு. நிஜ பப்பின் மூக்கில் 80 குதிரைத்திறன் கொண்ட லே ரோன் எஞ்சின் இருந்தது. ஒன்பது சிலிண்டர்களும் ப்ரொப்பெல்லரோடு சேர்ந்து சுழலும் கனத்த இரும்பு. அந்தக் கனம் முன்னால் இருந்ததால் மூக்கைக் குட்டையாக வைத்தார்கள். நம் மாடலில் அதே இடத்தில் ஒன்றரைக் கிலோ எஞ்சின்தான் உட்காரப்போகிறது. வால் மட்டும் அதே விகித நீளத்தில் பின்னால் நீண்டிருக்கும். கிணற்றில் துலா இறைத்ததைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்: நீண்ட பக்கத்தில் சின்ன எடை போதும், குட்டைப் பக்கத்தில் பாறாங்கல் கட்ட வேண்டும்.

ஒரு கணக்குக்கு, எடை மையத்திலிருந்து வால் 1 மீட்டர் பின்னால், எஞ்சின் 25 செ.மீ. முன்னால் என்று வையுங்கள். வாலில் 50 கிராம் கூடினால் மூக்கில் 200 கிராம் ஈயம் வைக்க வேண்டும். மொத்தத்தில் கால் கிலோ வீண். எஞ்சின் தாங்கும், இறக்கை தாங்கும், ஆனால் இறங்கும் வேகம் கூடும், கால்கள் வளையும்.

எனவே முதல் நாள் வேலை ஒட்டுவது இல்லை, எடை போடுவது. ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு போதும். கிட்டில் வரும் பால்சா என்ற இலேசான மரம் எல்லாம் ஒரே மாதிரி இருக்காது. ஒரே அளவுள்ள இரண்டு பலகையில் ஒன்று இன்னொன்றைப்போல் இரண்டு மடங்கு கனக்கும். இலேசானவற்றையெல்லாம் வாலுக்கு ஒதுக்குங்கள், கனமானவை முன்பக்கத்துக்கும் இறக்கையின் நடுப்பகுதிக்கும் போகட்டும். வாலில் கனமான எபாக்சிப் பசை வேண்டாம், வெள்ளைப் பசையோ மஞ்சள் பசையோ போதும். மரக்கூடு மெலிதாக இருக்கிறதே என்று பயந்து கட்டைகளைச் சேர்க்காதீர்கள். வாலுக்கு மேலும் கீழும் இழுத்துக் கட்டும் கம்பிகள்தான் அதற்குப் பலம் தருகின்றன. ரட்டருக்கு நீளமான தடி வைப்பதைவிட இருபக்கமும் மெல்லிய கம்பியால் இழுக்கும் முறை எடை குறைவு, பார்வைக்கும் நிஜம் போலவே இருக்கும். எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடு) சர்வோவை, அதை அசைக்கும் சின்ன மோட்டாரை, வாலுக்கு அருகில் வைக்கச் சொல்லி யாராவது ஆலோசனை தந்தால், அவர் நீண்ட மூக்குள்ள விமானம் ஓட்டுபவர் என்று புரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: எடை மையத்தை மேல் இறக்கையிலிருந்து அளப்பதா, கீழ் இறக்கையிலிருந்து அளப்பதா? நண்பர் ஒன்று சொல்கிறார், வரைபடம் ஒன்று சொல்கிறது.

பதில்: வரைபடம் சொல்வதைக் கேளுங்கள். நண்பர் குழம்பியிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. டைகர் மாத்திலும் பப்பிலும் மேல் இறக்கை கீழ் இறக்கையைவிட முன்னால் தள்ளியிருக்கும். இரண்டையும் சேர்த்து ஒரே இறக்கையாகப் பாவித்து, மேல் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து கீழ் இறக்கையின் பின்விளிம்பு வரை உள்ள அகலத்தில் முன்னாலிருந்து நாலில் ஒரு பங்கு என்று தொடங்கினால், வரைபடத்தில் குறித்திருப்பதற்கு அருகில் வந்துவிடும். மேல் இறக்கையின் அகலத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் மையம் தேவைக்கு அதிகமாக முன்னால் போகும், கீழ் இறக்கையை மட்டும் வைத்துப் போட்டால் பின்னால் போய்விடும். பின்னால் போனது ஆபத்து. டைகர் மாத்துக்கு இறக்கைகள் பின்னோக்கிச் சாய்ந்தும் இருப்பதால், உடலுக்குப் பக்கத்தில் அளக்காமல் பாதி இறக்கையின் நடுவில் அளக்க வேண்டும்.

டேங்க் காலியாக இருக்கும்போது பாருங்கள். முதல் பறப்புக்கு வரைபடம் தரும் எல்லையின் முன்பக்கத்திலேயே நில்லுங்கள்.

கேள்வி: மேல் கீழ் இறக்கைகள் உடலோடு பொருந்தும் கோணத்தில் எவ்வளவு வித்தியாசம் இருக்கலாம்? என்னுடையதில் ஒரு டிகிரி வருகிறது.

பதில்: எது அதிகம் என்று எழுதவில்லையே! முன்னால் இருக்கும் மேல் இறக்கைக்குக் கோணம் சற்றுக் கூடுதல் என்றால் வேகம் குறையும்போது அது முதலில் தூக்குவிசையை இழக்கும், மூக்கு தானாகத் தாழும், விமானம் பிழைக்கும். தலைகீழாக இருந்தால் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

ஆனால் மேல் கீழ் வித்தியாசத்தைவிட எனக்குக் கவலை தருவது இடம் வலம் வித்தியாசம். அரை டிகிரிக்கு மேல் போகக் கூடாது. நான்கு இறக்கைத் துண்டுகளில் ஒன்று முறுக்கிக்கொண்டிருந்தாலும் விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போகும், நீங்கள் ட்ரிம் (டிரான்ஸ்மிட்டரில் செய்யும் சின்னத் திருத்தம்) போட்டுக்கொண்டே இருப்பீர்கள். வேகம் மாறினால் அந்த ட்ரிம்மும் பொய்யாகிவிடும்.

உடலையும் மேல் இறக்கையின் நடுப்பகுதியையும் இணைக்கும் குட்டைத் தூண்களை, கேபேன் என்பார்களே, அவற்றை நிரந்தரமாகப் பற்றவைப்பதற்கு முன்பே இதை முடிக்க வேண்டும். உடலை மேசையில் மட்டம் பார்த்துக் கட்டிப்போடுங்கள். வால் பலகை, அப்புறம் கீழ் இறக்கை, கடைசியாக மேல் இறக்கை என்ற வரிசையில் டிஜிட்டல் கோணமானியை வைத்துப் பாருங்கள். மேல் இறக்கையைத் தாங்க அட்டையிலோ பிளைவுட்டிலோ ஒரு சட்டம் வெட்டி நிறுத்திக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு இறக்கை முனையிலிருந்தும் வாலின் நடுப்புள்ளிக்கு நூல் பிடித்து அளவுகள் சமமா என்று பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போகும். போகட்டும்.

கேள்வி: இறக்கைகளுக்கு இடையில் போகும் கம்பிகள் நிஜமாக வேலை செய்ய வேண்டுமா, அழகுக்கு எலாஸ்டிக் நூல் கட்டினால் போதுமா?

பதில்: கிட்டைப் பொறுத்தது. இறக்கைகள் தடித்த அலுமினியக் குழாயில் செருகி நிற்கின்றன என்றால் பல கிட்டுகளில் எலாஸ்டிக் போதும். மெல்லிய இறக்கை, சின்னக் குழாய் என்றால் கம்பிதான் இறக்கையைப் பிடித்து வைத்திருக்கிறது. கட்டுமானக் குறிப்பைப் படிக்காமல் இதில் முடிவெடுக்காதீர்கள்.

நிஜக் கம்பி என்றால் இரண்டு வகையும் வேறுவேறு வேலை செய்வது தெரிந்திருக்கட்டும். உடலின் அடியிலிருந்து வெளிப்பக்கமாக மேல் இறக்கைக்கு ஏறுபவை பறக்கும்போது சுமை தாங்குபவை. மேல் நடுப்பகுதியிலிருந்து கீழ் இறக்கைக்கு இறங்குபவை தரையில் நிற்கும்போதும் இறங்கும் அதிர்ச்சியிலும் இறக்கையைத் தாங்குபவை. இறங்கும் கம்பிகளை முதலில் மாட்டி, இறக்கை முனை எவ்வளவு உயர்ந்திருக்க வேண்டும் என்ற ஏற்றக் கோணத்தைச் சரிசெய்யுங்கள். ஏறும் கம்பிகள் அதற்குப் பிறகு, தொய்வு போகும் வரைக்கும் மட்டும். அதற்கு மேல் திருகினால் பார்த்துப் பார்த்து அமைத்த கோணம் எல்லாம் முறுக்கிக்கொள்ளும்.

நைலான் பூசிய எஃகு மீன்பிடிக் கம்பி நல்லது. முனையில் பித்தளைக் குழாய்க்குள் ஒருமுறை நுழைத்து, மடக்கி மறுபடி நுழைத்து நசுக்குங்கள். திருகும் முனைகளுக்கு லாக் நட் கட்டாயம். எஞ்சின் அதிர்வில் கழன்றுவிடும்.

கேள்வி: பெட்ரோலா, பேட்டரியா? எத்தனை சிசி?

பதில்: 9 கிலோ டைகர் மாத்துக்கு 26 முதல் 38 சிசி வரை பெட்ரோல் எஞ்சின் போடுகிறார்கள். 30 சிசி, 18 அங்குல ப்ரொப்பெல்லர் என்பது நிதானமான தேர்வு. மூக்கில் எப்படியும் எடை வேண்டும் என்பதால் கொஞ்சம் பெரிய, கனமான எஞ்சினை வாங்கிக் கால் த்ராட்டிலில் (கால் பங்கு பவரில்) ஓட்டுவது ஈயம் வைப்பதைவிடப் புத்திசாலித்தனம். மின்மோட்டார் என்றால் 1,800 வாட் அளவுக்குப் பாருங்கள், பேட்டரியை எஞ்சின் கவசத்துக்குள்ளேயே தள்ளிவிடலாம்.

நம்மூர் பெட்ரோல் பங்கில் இப்போது கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அது ஈரத்தை இழுக்கும், கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர் தகட்டையும் கெடுக்கும். அன்றைய பறப்பு முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். சிலிக்கான் குழாய் பெட்ரோலில் ஊறிப்போகும், டைகான் வகைக் குழாய்தான் வேண்டும். 2டி ஆயில் எஞ்சினோடு வரும் தாளில் சொன்ன அளவு. பொதுவாக லிட்டருக்கு 25 முதல் 35 மில்லி. தீப்பொறி தரும் இக்னிஷன் பெட்டியும் ரேடியோ சைகையை வாங்கும் ரிசீவரும் குறைந்தது 30 செ.மீ. விலகியிருக்கட்டும், த்ராட்டிலுக்கு உலோகத் தடி வேண்டாம். டிரான்ஸ்மிட்டரிலிருந்தே தீப்பொறியை அணைக்கும் சுவிட்ச் இல்லாமல் இந்த அளவு எஞ்சினைக் கையால் சுற்றாதீர்கள்.

கேள்வி: ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் ஒரே பேட்டரி போதாதா? இரண்டு சுவிட்ச் எதற்கு?

பதில்: இந்தக் கனத்தில் ஒரு சுவிட்சை நம்புவது சரியில்லை. தனித்தனியாக இரண்டு பேட்டரி, இரண்டு சுவிட்ச் வையுங்கள். அவையும் மூக்கில்.

கேள்வி: என் டைகர் மாத் ஏலரான் (விமானத்தைச் சாய்க்கும் இறக்கைத் தகடு) கொடுத்தால் முதலில் எதிர்ப்பக்கம் மூக்கைத் திருப்புகிறது. சர்வோ தலைகீழாக மாட்டிவிட்டேனா?

பதில்: இல்லை, விமானத்தின் குணமே அது. கீழே இறங்கும் ஏலரான் மேலே ஏறுவதைவிட அதிகமாகக் காற்றை எதிர்க்கிறது. அந்தப் பக்க இறக்கை பின்தங்கும், மூக்கு அங்கே போகும். டைகர் மாத்துக்கு ஏலரான் கீழ் இறக்கையில் மட்டும்தான். டைகர் மாத்தைத் தயாரித்த டி ஹாவிலண்ட் நிறுவனம் நிஜ விமானத்திலேயே, மேலே ஏறும் ஏலரான் நிறைய அசைய, கீழே இறங்குவது மிகக் கொஞ்சமே அசையும்படி இணைப்பு அமைத்திருந்தது. டிரான்ஸ்மிட்டரில் டிஃபரன்ஷியல் என்ற பெயரில் அதே வசதி இருக்கிறது. கீழ் அசைவை மேல் அசைவில் மூன்றில் ஒரு பங்காக்குங்கள். மீதியை ரட்டர் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏலரானோடு ரட்டரும் தானாக அசையும்படி மிக்ஸ் செய்யச் சிலர் சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை, தரை இறங்கும்போது இறக்கையை மட்டம் பிடிக்கத் தொட்டாலே வால் ஆடும்.

கேள்வி: பறக்கிறது, ஆனால் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் கடைசி ஒரு மீட்டர் கல்லைப் போல விழுகிறது.

பதில்: த்ராட்டிலை முழுக்க மூடிவிடுகிறீர்கள். இரண்டு இறக்கை, எட்டுத் தூண், அத்தனை கம்பி, எல்லாம் காற்றைப் பிடித்து நிறுத்துகின்றன. பவரைக் குறைத்ததும் வேகம் வற்றிவிடும். சக்கரம் தரையைத் தொடும்வரை கொஞ்சம் பவர் இருக்கட்டும். நடுவானில் எஞ்சின் நின்றால் யோசிக்காமல் மூக்கை இறக்குங்கள், ஓடுதளம் வரை இழுத்துக்கொண்டு வர முயலாதீர்கள்.

பப் வைத்திருப்பவர்கள் காற்றையும் பார்க்க வேண்டும். 1917 ஆகஸ்ட் 2 அன்று பிரிட்டிஷ் கடற்படை விமானி எட்வின் டன்னிங், ஓடிக்கொண்டிருந்த ஃப்யூரியஸ் போர்க்கப்பலின் மேல்தளத்தில் பப்பை இறக்கியபோது, கீழே நின்றவர்கள் ஓடிப்போய்க் கையாலேயே பிடித்து நிறுத்தினார்கள். எதிர்க்காற்றில் விமானம் அவ்வளவு மெதுவாக வந்தது. ஐந்து நாள் கழித்து மறுபடி முயன்றபோது விமானம் கடலில் விழுந்து அவர் இறந்துபோனார். மாடலும் அதே குணம்தான். தரையில் இருக்கும்போதே பக்கக்காற்று இறக்கையைத் தூக்கிவிடும்.

கேள்வி: இந்தியாவில் இதற்கு லைசென்ஸ் வேண்டுமா?

பதில்: 2021 ட்ரோன் விதிகளின்படி 25 கிலோவுக்கு உட்பட்டு, பொழுதுபோக்குக்காகக் கண்பார்வைக்குள் ஓட்டுவது மாடல் என்ற பிரிவில் வரும். வகைச் சான்றிதழ், அதாவது விமான வடிவமைப்புக்கான ஒப்புதல், தேவையில்லை. ஆனால் எங்கே பறக்கவிடுகிறீர்கள் என்பது முக்கியம். டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதளத்தின் வரைபடத்தில் உங்கள் மைதானம் பச்சை மண்டலமா என்று பாருங்கள், பச்சையிலும் 400 அடிக்கு மேல் போகக் கூடாது.

கேள்வி: என்னிடம் சின்னக் கார்தான் இருக்கிறது. டைகர் மாத் உள்ளே போகுமா?

பதில்: கிட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன் டேஷ்போர்டிலிருந்து பின்கதவு வரை டேப் பிடியுங்கள். கால் பங்கு டைகர் மாத்தின் உடல் 1.82 மீட்டர், முன் சீட்டைப் படுக்கவைத்தாலும் பல கார்களில் இடிக்கும். இறக்கைகளை ஒவ்வொரு பக்கமும் மேல், கீழ், தூண், கம்பி எல்லாம் சேர்ந்த ஒரே கூடாக வைத்துக்கொண்டால் மைதானத்தில் கால் மணி நேரத்தில் மாட்டலாம், ஆனால் கூட்டுக்கு இடம் அதிகம் வேண்டும். ஒவ்வொரு கம்பியாகக் கழற்றி மாட்டுவது என்று முடிவு செய்தால் மூன்றாவது வாரமே அலுத்துப்போய் விமானம் பரணுக்குப் போய்விடும். உடலே நுழையவில்லை என்றால் பப் கட்டுங்கள், அது 1.47 மீட்டர்தான்.