சிரித்தது தப்பா?

கேள்வி: எனக்கு 43 வயது, அஸ்தம்பட்டியில் இருக்கிறோம். என் மகள் ஏற்காட்டில் ஹாஸ்டலில் தங்கி பிளஸ் ஒன் படிக்கிறாள். லீவுக்கு வந்தபோது ‘ஜூனோ’ என்று ஓர் இங்கிலீஷ் படம் போட்டாள். பதினாறு வயசுப் பெண் கர்ப்பமாகிறாள் என்றதுமே ஆஃப் பண்ண எழுந்தேன். “பத்து நிமிஷம் பாரும்மா” என்றாள். உட்கார்ந்தேன், கடைசி வரை பார்த்தேன், பல இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். மறுநாளிலிருந்து மனசு உறுத்துகிறது. இப்படி ஒரு விஷயத்துக்கு மகள் முன்னாலேயே சிரித்துவிட்டேனே, இதெல்லாம் சாதாரணம் என்று நினைத்துக்கொள்வாளோ? “இதைப் போய்ச் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தீங்களா” என்று மாமியார் வேறு கேட்கிறார்.
- ஓர் அம்மா, சேலம்

பதில்: தப்பே இல்லைங்க. உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த “பத்து நிமிஷம் பாரும்மா”வைத்தான். அந்தப் பத்து நிமிஷத்துக்கு மேல் உங்களால் எழுந்திருக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது, அப்படியென்றால் ஏற்கனவே பார்த்திருக்கிறாள். தோழிகளோடு பார்த்ததோடு விட்டிருக்கலாம். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துப் போட்டிருக்கிறாள்.

நானும் முதல் தடவை பயந்துகொண்டேதான் பார்த்தேன். ஒன்று, அழுது வடிந்து புத்தி சொல்லும் படமாக இருக்கும், இல்லை, அந்தப் பெண்ணை வைத்து மட்டமாகக் கேலி பண்ணுவார்கள் என்று நினைத்தேன். அப்பாவையும் சித்தியையும் உட்கார வைத்து அவள் விஷயத்தைச் சொல்கிற கட்டம் வருகிறதே, அப்போது என் கையில் தட்டுவடை செட், காரச் சட்னி விரலில் வழிகிறது, வாயில் வைக்காமல் அவள் கன்னத்தில் விழப்போகும் அறைக்காகக் காத்திருக்கிறேன். நம் படங்களில் இந்த இடத்தில் ஓர் அறை விழும், அப்புறம் அம்மா தலையில் அடித்துக்கொள்வாள், விஷ பாட்டில் வரும். இங்கே அறை விழவேயில்லை. அப்பா மனசு உடைந்துதான் போகிறார், நீ இப்படிப்பட்ட பெண் இல்லை என்று நினைத்தேனே என்கிறார். நான் எப்படிப்பட்ட பெண் என்று எனக்கே தெரியலை என்கிறாள் அவள். சித்தி அடுத்து எடுப்பது சத்து மாத்திரை, டாக்டர் பேச்சு. ஸ்கேன் எடுக்கும் பெண் ஏளனமாகப் பேசும்போது அதே சித்தி சீறுகிறாள் பாருங்கள், கைதட்டலாம் போலிருந்தது.

எனக்கு அந்த இடத்தில் தொண்டை அடைத்ததற்குக் காரணம் உண்டு. நான் பிளஸ் டூ படிக்கும்போது என் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருத்தி அரையாண்டுக்கு அப்புறம் வரவில்லை. “டிசி வாங்கிட்டுப் போயிட்டா” என்றார்கள், அவ்வளவுதான். அவள் பேனா ஒன்று என்னிடமே இருந்தது, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் வருஷம் முழுக்க பாக்ஸில் வைத்திருந்தேன். விஷயம் என்னவென்று ஊரில் எல்லாருக்கும் தெரியும், ஆனால் அவளிடம் யாரும் பேசவில்லை, நானும்தான்.

நீங்கள் சிரித்தது கர்ப்பத்தைப் பார்த்து இல்லை. அந்தப் பெண்ணின் வாயைப் பார்த்து, அவளைச் சுற்றி இருக்கும் மனிதர்களைப் பார்த்து. டயாப்லோ கோடி எழுதிய வசனம் அப்படி, அந்தத் திரைக்கதைக்குத்தான் ஆஸ்கர் கிடைத்தது. ஆனால் படம் எதையும் லேசாகத் தள்ளிவிடவில்லை. ஜூனோவின் குழந்தையைத் தத்தெடுக்க ஒரு தம்பதி வருகிறார்கள். அதில் கிடாரும் கையுமாகத் திரிகிற ஜாலியான கணவன்தான் நல்லவன் என்று நம்ப வைத்து, கடைசியில் கைவிடுவது அவன்தான் என்கிறது. விறைப்பாகத் தெரிந்த அவன் மனைவி, ஷாப்பிங் மாலில் மண்டி போட்டு ஜூனோவின் வயிற்றோடு பேசுகிறாளே, அங்கேயே நாம் ஆட்களைத் தப்பாகக் கணக்குப் போட்டது புரிந்துவிடும். பிரசவத்துக்கு அப்புறம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அந்தப் பெண் அழுவதைப் பார்த்த எந்தப் பிள்ளையும் இதைச் சாதாரணம் என்று நினைக்காது.

ஒன்றை மட்டும் நீங்களே மகளிடம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் படம் நடப்பது அமெரிக்காவில். இங்கே பெண்ணுக்கு 18 வயசுக்குக் கீழே இருந்தால், அவளே விரும்பி உறவு கொண்டிருந்தாலும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டம் அந்தச் சம்மதத்தை ஏற்காது, டாக்டர் போலீசுக்குத் தகவல் தரவேண்டும். அந்தப் பயத்திலேயே கண்ட இடத்தில் மாத்திரை வாங்கி விழுங்கி உயிருக்கு ஆபத்தாகிறது. பெண்ணும் பெற்றோரும் கேட்டுக்கொண்டால் அந்தத் தகவலில் அவள் பெயர், அடையாளத்தை டாக்டர் சொல்ல வேண்டியதில்லை என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கருக்கலைப்புச் சட்டத்தில் வந்த 2021 திருத்தத்துக்குப் பிறகு, இந்த வயசுப் பெண்களுக்கு 24 வாரம் வரை சட்டப்படியே கருக்கலைப்பு செய்யலாம், பெற்றோரோ காப்பாளரோ எழுத்தில் சம்மதம் தரவேண்டும். ஜூனோ மாதிரி விளம்பரம் பார்த்துக் குழந்தையைக் கொடுப்பது இங்கே குற்றம், குழந்தைகள் நலக் குழுவிடம்தான் ஒப்படைக்க வேண்டும், மனசு மாறினால் திரும்பப் பெற 60 நாள் அவகாசம் உண்டு. யாரிடம் கேட்பது என்று தெரியாத பிள்ளைகளுக்குக் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது.

மாமியார் கோபப்படட்டும், பரவாயில்லை. நம் பாட்டிமார் பலருக்குப் பதினாறு வயசில் முதல் பிள்ளை பிறந்தாயிற்று, கழுத்தில் தாலி இருந்ததால் யாரும் முகம் சுளிக்கவில்லை. அந்த வயசு உடம்பு பட்ட பாடு ஒன்றுதான். பொறுமையான ஒரு மத்தியானத்தில் அவரிடமே இதைப் பேசிப் பாருங்கள், உங்களுக்குத் தெரியாத கதை ஏதாவது வரலாம்.

லீவு முடிந்து மகளைக் கொண்டுபோய் விடும்போது வழியில் ஒன்றே ஒன்று கேளுங்கள். “அந்தப் படத்துல உனக்கு எந்த இடம் பிடிச்சுது கண்ணு?” வண்டியில் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேச வேண்டிய சங்கடம் இல்லை. அவள் என்ன சொன்னாலும் நடுவில் புத்தி சொல்லாதீர்கள். உங்களுக்குப் பிடித்த இடத்தையும் சொல்லுங்கள், சிரித்ததையும் சேர்த்து. அடிவாரத்திலேயே ஆரம்பித்துவிடுங்கள், மேலே போய்ச் சேர முக்கால் மணி நேரமாவது ஆகும்.