ஆர்டர் 80, சொந்தம் கொண்டாடுவது 115

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் இணையத்தில் கடை நடத்துபவர்களுடையவை. கணக்கு பத்து இடத்தில் சிதறிக் கிடக்கிறது, ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகவில்லை, எல்லாவற்றையும் ஒரே திரையில், அதாவது டேஷ்போர்டில், பார்க்க வழி உண்டா என்பதைத்தான் ஆளுக்கொரு விதமாகக் கேட்டிருக்கிறார்கள்.

கேள்வி: சொந்தத் தளத்தில் விற்கிறேன், மெட்டாவிலும் (ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம்) கூகுளிலும் விளம்பரம் கொடுக்கிறேன். போன மாதம் 60 ஆர்டர் தன்னால் வந்ததாக மெட்டா காட்டுகிறது, கூகுள் 55 என்கிறது. என் தளத்தில் விழுந்த மொத்த ஆர்டரே 80தான். யார் பொய் சொல்கிறார்கள்?

இருவருமே பொய் சொல்லவில்லை. அடுத்தவர் என்ன எண்ணுகிறார் என்று பார்க்காமல் அவரவர் கணக்கை எண்ணுகிறார்கள், அவ்வளவுதான். ஒருவர் திங்கட்கிழமை மெட்டாவில் உங்கள் விளம்பரத்தைத் தொட்டு உள்ளே வருகிறார், சும்மா பார்த்துவிட்டுப் போகிறார். வியாழக்கிழமை ஞாபகம் வந்து கூகுளில் தேடி, அங்கே மேலே வரும் உங்கள் விளம்பரம் வழியாக வந்து வாங்குகிறார். உங்களுக்கு ஒரு ஆர்டர். மெட்டாவின் வழக்கமான அமைப்பில், கிளிக் செய்து 7 நாளுக்குள் வாங்கினால் அது மெட்டாவின் கணக்கு. கிளிக் கூட செய்யாமல் வெறுமனே பார்த்துவிட்டு 1 நாளுக்குள் வாங்கினாலும் அதன் கணக்குதான். கூகுள் விளம்பரத்தில் வழக்கமாக இருக்கும் அவகாசம் கிளிக்கிலிருந்து 30 நாள். ஆக இரண்டு பேரும் அதே ஆர்டருக்கு முழுசாகச் சொந்தம் கொண்டாடுவார்கள். போதாக்குறைக்கு, கிளிக் செய்து சில நாள் கழித்து ஒருவர் வாங்கினால், கூகுள் விளம்பரத்தின் வழக்கமான ரிப்போர்ட்டில் அந்த விற்பனை, வாங்கிய நாளில் இல்லாமல் கிளிக் விழுந்த நாளில் போய் உட்காரும். வாங்கியது மாத முதல் தேதியும் கிளிக் முந்தைய மாதக் கடைசித் தேதியுமாக அமைந்துவிட்டால் மாதக் கணக்கே மாறிவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. 2021 ஏப்ரலில் ஐபோன் மென்பொருளான ஐஓஎஸ் 14.5 வந்தபோது, மற்ற செயலிகளிலும் தளங்களிலும் பின்தொடர அனுமதி தருகிறீர்களா என்று கேட்கும் பெட்டியை ஆப்பிள் கட்டாயமாக்கியது. வேண்டாம் என்று சொன்னவர்கள் என்ன வாங்கினார்கள் என்பதை நேராகப் பார்க்க வழியில்லாமல், ஒரு பகுதி எண்ணிக்கையை மெட்டாவும் கூகுளும் மதிப்பிட்டுத்தான் காட்டுகின்றன.

அதனால் ஆர்டர் எண்ணிக்கைக்கு ஒரே ஒரு சாட்சிதான்: உங்கள் கடையின் ஆர்டர் பட்டியல். டேஷ்போர்டில் மெட்டாவின் 60ஐயும் கூகுளின் 55ஐயும் கூட்டி எங்கேயும் போடாதீர்கள். மொத்த விளம்பரச் செலவை மொத்த ஆர்டரால் வகுத்து ஒரு ஆர்டருக்கு ஆன செலவு என்று போடுங்கள். முரட்டுக் கணக்குதான், ஆனால் யாரும் அதைப் பெருக்கிக் காட்ட முடியாது. மெட்டா தரும் எண்ணை மெட்டாவுக்குள்ளேயே இந்த விளம்பரமா அந்த விளம்பரமா என்று ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எது உண்மையிலேயே ஆள் கொண்டு வருகிறது என்று தெரிந்தே ஆக வேண்டுமென்றால், ஒரு பகுதியில் மட்டும் சில வாரம் விளம்பரத்தை நிறுத்திப் பார்த்தால் போதும், ரிப்போர்ட் தேவைப்படாது.

கேள்வி: தளம், மார்க்கெட்பிளேஸ் (அமேசான் மாதிரிப் பலரும் விற்கும் தளம்), கூரியர், பேமென்ட் கேட்வே (வாங்குபவர் கட்டும் பணத்தை வாங்கித் தரும் சேவை), ஸ்டாக் எல்லாவற்றின் டேட்டாவையும் ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும். எந்த மென்பொருள் வாங்கட்டும்?

மென்பொருளைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் உங்கள் பொருளுக்கு எத்தனை பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ஒரே சட்டை உங்கள் தளத்தில் ஒரு குறியீடு, ஒரு மார்க்கெட்பிளேஸில் அவர்களே கொடுத்த எண், இன்னொன்றில் நீங்கள் அவசரத்தில் அடித்த வேறு குறியீடு, கிடங்கில் பார்கோடு. இந்த நான்கும் ஒரே சட்டைதான் என்று எந்த மென்பொருளுக்கும் தானாகத் தெரியாது. ஒரு வரிசைக்கு ஒரு பொருள் என்று போட்டு, எங்கெங்கே என்ன பெயர் என்று ஒரு பொருத்தப் பட்டியல் தயாரியுங்கள். சலிப்பான வேலை, உட்கார்ந்துதான் செய்ய வேண்டும். புதுப் பொருள் ஏற்றும்போதெல்லாம் அதில் ஒரு வரி சேர்ப்பது ஒருவருடைய பொறுப்பாகவும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கொஞ்ச நாளில் டேஷ்போர்டில் 'மற்றவை' என்ற பொருள்தான் அதிகம் விற்றிருக்கும்.

இதை எக்ஸெலில் செய்வதில் தவறே இல்லை. ஆனால் குறியீடு உள்ள நெடுக்குப் பத்தியை முதலிலேயே 'டெக்ஸ்ட்' என்று அமைத்துவிடுங்கள். 0047 என்ற குறியீட்டை அது 47 ஆக்கிவிடும். அளவு 3, நிறம் 12 என்று நினைத்து 3-12 என்று எழுதினால் தேதியாக்கிவிடும். எண்ணில் 15 இலக்கம் வரைதான் அது துல்லியமாக வைத்திருக்கும் என்பதால், நீளமான ஆர்டர் எண், கூரியர் எண்களின் கடைசி இலக்கங்கள் பூஜ்யமாகி நிற்கும். அதற்குப் பிறகு எதையும் எதோடும் பொருத்த முடியாது. உங்களுக்கு மட்டும் வரும் தொல்லை என்று நினைக்காதீர்கள். மார்ச்1, செப்ட்1 என்பது போலச் சுருக்கப் பெயர் கொண்ட மனித மரபணுக்களை எக்ஸெல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020இல் மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டார்கள். அதே ஆண்டு இங்கிலாந்தில், 65,536 வரிசைக்கு மேல் ஏற்காத பழைய எக்ஸெல் கோப்பு வடிவத்தைப் பயன்படுத்தியதில் ஏறக்குறைய 16,000 கொரோனா தொற்று முடிவுகள் கணக்கில் ஏறாமல் போயின. இப்போதைய வடிவம் 10,48,576 வரிசை வரை தாங்கும்.

அடுத்தது நேர மண்டலம். கடையில் ஒன்று, விளம்பரக் கணக்கில் இன்னொன்று என்று இருந்தால் இரவு வந்த ஆர்டரெல்லாம் வேறு தேதியில் விழும். மாதக் கணக்கில் இது பெரிதாகத் தெரியாது, நேற்று என்ன ஆச்சு என்று பார்க்கும்போதுதான் படுத்தும். எல்லாவற்றையும் ஒரே மண்டலத்துக்குக் கொண்டு வாருங்கள்.

சரி, மென்பொருள். ஆர்டர் குறைவாக இருக்கும்வரை கூகுள் ஷீட்ஸே போதும். ஒரு கோப்பில் 1 கோடி கட்டம் வரை கொள்ளும், ஆனால் அதற்கு ரொம்ப முன்னாலேயே நகர மறுக்கும். அந்த நிலை வரும்போது கூகுளின் பிக்கொயரி மாதிரி ஒரு டேட்டா வேர்ஹவுஸ் (நிறைய டேட்டாவைச் சேர்த்து வைத்துத் தேடும் இடம்) பக்கம் போகலாம், மாதம் 10 ஜிபி சேமிப்பும் 1 டிபி வரை தேடலும் அதில் இலவசம். மேலே படம் காட்ட லுக்கர் ஸ்டூடியோ, மெட்டாபேஸ், பவர் பிஐ, எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, கை பழகியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் இன்றே செய்யுங்கள். தளத்துக்கு வருபவர்களை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸ் 4 வைத்திருந்தால் அதைப் பிக்கொயரியோடு இணைத்துவிடுங்கள். இலவசக் கணக்கில் விவரமான டேட்டா 2 மாதம்தான் வழக்கமாக இருக்கும், அமைப்பை மாற்றினால் 14 மாதம். பிக்கொயரிக்கு இணைத்த நாளிலிருந்துதான் டேட்டா வரும், பழையது வராது. டேஷ்போர்டு அடுத்த வருடம் செய்தாலும் சரி, சேமிப்பை இப்போதே தொடங்கிவிடலாம்.

கேள்வி: அதிகம் விற்கும் பொருள்தான் எங்கள் டேஷ்போர்டில் எப்போதும் முதலிடம். அப்புறம் ஏன் கையில் காசு நிற்கவில்லை?

உங்கள் டேஷ்போர்டில் 'விற்பனை' என்று எதைப் போட்டிருக்கிறீர்கள்? ஆர்டர் வந்ததையா, அனுப்பியதையா, காசு வந்ததையா, திரும்பி வந்தது போக மீதியையா? இந்த நான்கும் நான்கு எண்கள், பெரும்பாலான ரிப்போர்ட்டுகள் முதல் எண்ணைத்தான் காட்டும், அதுதான் பெரியது.

விலை 100 என்று வைத்துக்கொள்வோம், அப்போதுதான் கணக்கு கண்ணுக்குத் தெரியும். கொள்முதல் 45, மார்க்கெட்பிளேஸ் கமிஷன் 15, அனுப்பும் செலவு 12, விளம்பரம் 15. ஒன்றுக்கு 13 நிற்கிறது, 100 விற்றால் 1,300. நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது 100இல் 20 திரும்பி வருகிறது. வரவு 80க்குத்தான், அதாவது 8,000. சரக்கு 80க்கு 3,600, கமிஷன் 80க்கு 1,200 (திரும்பியவற்றுக்கான கமிஷனை அவர்கள் முழுசாகத் திருப்பித் தந்ததாக நல்ல மனசோடு எடுத்துக்கொள்வோம்). ஆனால் அனுப்பியது 100, அதற்கு 1,200. திரும்பி வர 20க்கு 240. விளம்பரம் 100க்கும் கொடுத்தாயிற்று, 1,500. செலவு மொத்தம் 7,740, மிச்சம் 260. திரும்பி வந்த 20இல் 6 மட்டும் கிழிந்தோ அழுக்காகியோ மறுபடி விற்க முடியாமல் போனால் இன்னொரு 270 காலி. 100 விற்று 10 நஷ்டம், டேஷ்போர்டிலோ முதலிடம்!

இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டுமானால் ஆர்டர் பட்டியலும் கூரியர் பில்லும் ரிட்டர்ன் பட்டியலும் விளம்பரச் செலவும் பொருள்வாரியாக ஒரே வரிசையில் வந்து நிற்க வேண்டும். டேட்டாவை ஒன்று சேர்க்கிறோம் என்பதற்கு என்னைப் பொறுத்தவரை இதுதான் பொருள். ஐந்து ரிப்போர்ட்டை ஒரே பக்கத்தில் அருகருகே ஒட்டுவது வேறு வேலை.

இதில் இன்னொரு பொறி உண்டு. ஜனவரியில் விற்றது பிப்ரவரியில் திரும்பி வந்தால் எந்த மாதத்தில் கழிப்பது? கணக்காளருக்கு, திரும்பிய பணத்தைப் பதிவு செய்த பிப்ரவரி. அந்தப் பொருள் தேறுமா தேறாதா என்று பார்க்கும் உங்களுக்கு, விற்ற ஜனவரி. இரண்டும் வேண்டும், தனித்தனிப் பெயரில். பின்னதைப் பார்க்கும்போது கடைசி மாதத்தை நம்பாதீர்கள். அது எப்போதுமே அழகாகத்தான் இருக்கும், ஏனென்றால் திரும்ப வேண்டியது இன்னும் கிளம்பவே இல்லை. ரிட்டர்ன் காலக்கெடு முடிந்த ஆர்டர்களை மட்டும் எடுத்துக்கொண்டு சதவீதம் போடுங்கள்.

பேமென்ட் கேட்வேயில் இருந்து வங்கிக்கு வரும் தொகையை விற்பனை என்று எடுத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். அது கட்டணம் கழித்து, திரும்பக் கொடுத்ததைக் கழித்து, சில நாள் தள்ளி, மொத்தமாக வருவது. காசு ஓட்டத்துக்கு அது சரி, ஒரு பொருளைப் பற்றி அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

கேள்வி: ஒரு நிறுவனத்திடம் கொடுத்து 24 சார்ட் உள்ள டேஷ்போர்டு செய்து வாங்கினோம். யாரும் திறப்பதே இல்லை.

ஒவ்வொரு சார்ட்டாக எடுத்து, இது நாளைக்குப் பாதியாகக் குறைந்தால் யார் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். பதில் வராததை முதல் திரையிலிருந்து தூக்குங்கள். பெரும்பாலும் ஐந்தாறுதான் மிஞ்சும்: செலவு போக நின்றது, ஒரு ஆர்டருக்கான விளம்பரச் செலவு, ரிட்டர்ன் சதவீதம், இப்படி. நான் விட மாட்டேன் என்று பிடிவாதம் பிடிப்பது ஒன்று உண்டு, இந்த ஸ்டாக் எத்தனை நாளுக்கு வரும் என்பது. கையிருப்பை ஒரு நாளைய சராசரி விற்பனையால் வகுத்தால் வந்துவிடும். புதுச் சரக்கு வர 20 நாள் ஆகும், கையில் 12 நாளுக்குத்தான் இருக்கிறது என்றால் அதைப் பார்த்தவர் சும்மா உட்கார மாட்டார். சராசரி எடுக்கும்போது ஸ்டாக்கே இல்லாமல் கிடந்த நாட்களை விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் நன்றாக ஓடும் பொருள் மந்தமாகத் தெரியும்.

அப்புறம், ஞாயிற்றுக்கிழமையைத் திங்கட்கிழமையோடு ஒப்பிடும் அம்புக்குறிகளை எடுத்துவிட்டு, போன ஞாயிற்றுக்கிழமையோடு ஒப்பிடச் சொல்லுங்கள். மூலையில் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்ற நேரமும் இருக்கட்டும். இணைப்பு அறுந்து மூன்று நாள் பழைய எண்ணை இன்றைய எண் என்று நினைத்து முடிவெடுத்துவிட்டால், அதன் பிறகு அந்தத் திரையை யாரும் நம்ப மாட்டார்கள்.

கேள்வி: எல்லாம் ரியல் டைமில் வேண்டுமா?

வேண்டாம். காலையில் ஒரு தடவை புதுப்பித்தால் போதும். பேமென்ட் தோல்வி, தளம் படுத்துவிடுவது, தள்ளுபடி நாளில் ஸ்டாக், இந்த மூன்றுக்கு மட்டும் உடனடி எச்சரிக்கை வையுங்கள், அதுவும் திரையில் வேண்டாம், போனுக்கு வரட்டும்.

கேள்வி: டேட்டாவை ஏஐயிடம் கொடுத்துவிட்டு நேரடியாகக் கேள்வி கேட்டால் போதாதா? டேஷ்போர்டே எதற்கு?

கேட்கலாம். ஆனால் உங்கள் டேபிளில் 'சேல்ஸ்' என்ற பெயரில் மூன்று பத்தி இருந்தால் அது ஏதோ ஒன்றை எடுத்துத் தெளிவான தமிழில் தன்னம்பிக்கையோடு பதில் சொல்லும், எதை எடுத்தது என்று நீங்கள்தான் தோண்டிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பத்திக்கும் ஒரு வரி விளக்கம் எழுதி வைத்த டேபிள் என்றால் உதவும். வாடிக்கையாளர் பெயர், போன் எண், முகவரி உள்ள பத்திகளை நீக்கிவிட்டுக் கொடுங்கள், எந்தப் பொருள் ஓடுகிறது என்று சொல்ல அவை தேவையே இல்லை.