பனிப்பலகையின் இடுப்பைப் பாருங்கள்

கேள்வி: குல்மார்கில் இரண்டு குளிர்காலம் பனிச்சறுக்கு கற்றேன். இந்த முறை சீரமைத்த தடத்தை விட்டு வெளியே, புதுப்பனியில் இறங்க ஆசை. உயரம் 158 செ.மீ., எடை 54 கிலோ. பெண்களுக்கான ஆல்-மவுண்டன் ஸ்கீயில் (தடத்திலும் அதற்கு வெளியிலும் ஓட்டும் பனிப்பலகை) எதைப் பார்த்து வாங்க வேண்டும்? - வாசகி, தக்கலை

பதில்: முதலில் இடுப்பு, அதாவது பூட்ஸுக்கு அடியில் பலகையின் அகலம். தடத்துக்கு மட்டும் என்றால் 80 மி.மீ. போதும், ஆனால் பஞ்சுபோன்ற பனியில் அது புதையும். உங்களுக்கு 95 முதல் 102 வரை சரியாக இருக்கும், அதற்கும் மேலே போனால் கெட்டிப்பனியில் திருப்புவது பெரும்பாடு. அப்புறம் மூக்கு. குளச்சல் கரையில் வள்ளத்தின் முன்பக்கம் மேலே வளைந்திருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அலையில் குத்தாமல் ஏறிப் போகத்தானே அது. பனிப்பலகையில் அந்த வளைவுக்கு ராக்கர் என்று பெயர், அது இல்லாததைத் தொடாதீர்கள். நீளம் உங்கள் உயரத்தை ஒட்டி இருக்கட்டும்.

பெண்கள் மாடல்கள் பலவற்றில் எடை குறைவு, பைண்டிங் (பூட்ஸைப் பலகையோடு பூட்டும் பிடிப்பு) பொருத்தும் இடமும் சற்று முன்னால் இருக்கும். சிலவற்றில் சாயம் மட்டுமே வேறு, அதனால் எடையைக் கேட்டுப் பாருங்கள். வாங்குமுன் இரண்டு நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டுவது நல்லது.

இன்னொன்று. குல்மார்க் கோண்டோலா என்ற கம்பிவட ஊர்தியின் இரண்டாம் கட்டம் 3,900 மீட்டருக்கு மேலே கொண்டுவிடும், தடத்துக்கு வெளியே பனிச்சரிவு அங்கே நிஜமான ஆபத்து. பீக்கன் (பனியில் புதைந்தவரைக் கண்டறியும் சமிக்ஞைக் கருவி), புரோப் (பனியில் குத்தித் தேடும் நீளக் கம்பி), மண்வெட்டி மூன்றையும் பலகைக்கு முன்பே வாங்கிப் பழகுங்கள், உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் இறங்கவே வேண்டாம்.