எத்தனை நாள் என்று அவர் கேட்டால்

அன்புள்ள ஐயா,

எனக்கு 23 வயது. தென்காசியில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். எங்கள் தெருவில் 81 வயதுத் தாத்தா ஒருவர் இருக்கிறார். பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு ஆண்டுகளாக வேலை முடிந்ததும் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பேன். ராஜபாளையம் வரை ஒவ்வொரு ஸ்டேஜையும் கண்ணை மூடிக்கொண்டு வரிசையாகச் சொல்வார். இப்போது அவருக்கு நுரையீரல் புற்றுநோய் முற்றிவிட்டது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அவரிடம் எதையும் சொல்லக் கூடாது என்று அவர் மகன் எங்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். சென்ற வாரம், அருகில் யாரும் இல்லாத நேரத்தில், "தம்பி, எனக்கு இன்னும் எத்தனை நாள்?" என்று கேட்டார். "உங்களுக்கு ஒன்றும் ஆகாது தாத்தா" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். நான்கு நாட்களாகப் போகவில்லை. போகாதே, பிறகு உன்னால் தாங்க முடியாது என்கிறார் அம்மா. நான் என்ன செய்யட்டும்?

ம., தென்காசி

அன்புள்ள ம.,

இன்று மாலையே போங்கள். 

நான் கல்லூரியில் படித்தபோது, எங்கள் ஊர் அச்சகத்தில் அச்சுக்கோத்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எனக்கு நண்பராக இருந்தார். ஈய எழுத்துகளை இடவலம் மாற்றி வாசிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். அவர் படுக்கையில் விழுந்த பிறகு, மெலிந்துபோன அந்த விரல்களைப் பார்க்க அஞ்சி, தேர்வு இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கடைசி மூன்று வாரங்கள் நான் அந்தப் பக்கமே போகவில்லை. காரியத்தன்று அவருடைய மனைவி, "நீ வந்தியான்னு தினமும் கேட்டுக்கிட்டே இருந்தார்ப்பா" என்றார். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. உங்கள் அம்மா அஞ்சுகிற துயரம் வரத்தான் செய்யும், அதைத் தாங்கவும் முடியும். போகாமல் இருந்துவிட்டதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

தாத்தா அந்தக் கேள்வியை மகனிடம் கேட்காமல் உங்களிடம் கேட்டதை எண்ணிப் பாருங்கள். தந்தை கலங்கிவிடக் கூடாதென்று மகன் மறைக்கிறார்; மகன் கலங்கிவிடக் கூடாதென்று தந்தையும் தெரியாததுபோல் இருக்கிறார். அந்த வீட்டில் அவர் யாரையும் காப்பாற்ற வேண்டிய பொறுப்பில்லாமல் பேசக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான்.

1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர்கள் எம். ஆர். ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் நண்பர்களும் தொடங்கிய வலி நிவாரண, ஆதரவு சிகிச்சைப் பணி, பின்னர் மலப்புரம் முதலிய மாவட்டங்களில் அக்கம்பக்கத்தாரே முன்னின்று நடத்தும் இயக்கமாக வளர்ந்தது. 2008-இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. அங்கே கல்லூரி மாணவர்களும் தன்னார்வலர்களாக நோயாளிகளின் வீடுகளுக்குப் போகிறார்கள். இத்தகைய பணிக்கு வருபவர்களுக்குத் தரப்படும் பயிற்சியில், பொய்யான ஆறுதல் சொல்லாதிருப்பதும் நோயாளியைப் பேசவிட்டுக் கேட்பதும் முக்கியமான பாடங்கள். எனவே தாத்தா மறுபடியும் கேட்டால், "ஏன் தாத்தா அப்படிக் கேட்கிறீங்க? மனசுல என்ன ஓடுது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். எத்தனை நாள் என்ற கேள்விக்குள் வலி கூடுமா, பாட்டியை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று வேறு கேள்விகள் இருக்கக்கூடும். நோயின் விவரத்தைச் சொல்வது உங்கள் பொறுப்பன்று. ஆனால் நீங்கள் பொய் சொல்லவும் வேண்டியதில்லை. "எனக்குத் தெரியாது தாத்தா, ஆனா நான் தினமும் வருவேன்" என்பது முழு உண்மை. அவர் இப்படிக் கேட்டார் என்பதை மகனிடம் தனியாகச் சொல்லுங்கள். அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது என்று அறிவது அவருக்கும் ஒரு விடுதலையாக இருக்கலாம்.

சாகப்போகிறவருக்கு நாம் உதவ மட்டுமே போகிறோம் என்று நினைத்துவிட்டால் நட்பு அங்கேயே முடிந்துவிடும். 1948-இல் லண்டன் மருத்துவமனை ஒன்றில், போலந்திலிருந்து வந்த டேவிட் தாஸ்மா என்ற நோயாளியும் இளம் சமூகப் பணியாளரான சிசிலி சாண்டர்ஸும் நண்பர்களானார்கள். உறவினர் எவரும் அருகில் இல்லாத அந்த மனிதர், சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்காகச் சாண்டர்ஸ் கட்ட நினைத்த இல்லத்தில் தான் ஒரு சன்னலாக இருக்கப்போவதாகச் சொல்லி 500 பவுண்டை அவருக்கு விட்டுச்சென்றார். 1967-இல் திறக்கப்பட்ட புனித கிறிஸ்தோபர் இல்லத்தில் அந்தச் சன்னல் இருக்கிறது. உங்கள் தாத்தாவிடமும் தருவதற்கு ஏதாவது இருக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மூச்சுத் திணறும்போது தலைமாட்டை உயர்த்தி, சிறிய மின்விசிறியின் காற்று முகத்தில் படுமாறு வையுங்கள். உதடு வறண்டால் ஈரத்துணியால் நனைத்துவிடுங்கள். சாப்பாடு வேண்டாம் என்றால் யாரும் திணிக்க வேண்டாம். இந்த நிலையில் பசி அடங்குவது இயல்பு. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து ஆதரவு சிகிச்சை தரும் ஏற்பாடு உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்து மகனிடம் சொல்லுங்கள். மருத்துவர் மார்ஃபின் எழுதித் தந்தால், அது பழக்கமாகிவிடும் என்று வீட்டார் அஞ்சித் தடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மருந்துக் கடையில் இருக்கும் நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

போகும்போது ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். நான்கு நாள் வராததற்குப் பயந்துவிட்டேன் என்று காரணம் சொல்லுங்கள், அவருக்குப் புரியும். கடையநல்லூர், சொக்கம்பட்டி, புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி, சேத்தூர் என்று எனக்குத் தெரிந்த வரை எழுதியிருக்கிறேன். இடையில் விட்டுப்போன சிறிய ஸ்டேஜ்கள் எவையென்று அவரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவருக்கு மூச்சு வாங்கினால் நோட்டை மூடிவிடுங்கள். மீதியை நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம்.