கொண்டாட்டத்தில் குடித்தால் மறுநாள் ஹேங்ஓவர் ஏன் வருகிறது? தவிர்க்க வழி உண்டா?

ஏன் வருகிறது, வராமல் தடுக்க முடியுமா, வந்துவிட்டால் என்ன செய்வது என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவன் இல்லை. பட்டுத் தெரிந்ததும், பட்ட பிறகு தேடிப் படித்ததும்தான் இது.

ஒரு புத்தாண்டு. விடிகாலை நாலு மணிக்கே முழிப்பு தட்டிவிட்டது. நாக்கு அட்டை மாதிரி காய்ந்து கிடக்கிறது, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. பக்கத்தில் யாரோ பையின் ஜிப்பை இழுத்தார்கள். அந்தச் சத்தம் மண்டைக்குள் ரம்பம் ஓட்டியது. "சரக்கு மட்டமான சரக்குடா" என்று முனகினேன். சரக்கின் மேல் ஒரு தப்பும் இல்லை. தப்பு என் கணக்கில்.

40 சதவீத ஆல்கஹால் உள்ள மது 60 மில்லி என்றால், அதில் சுத்த ஆல்கஹால் சுமார் 19 கிராம். 5 சதவீத பீர் 330 மில்லி டின் ஒன்றில் 13 கிராம். ஈரலோ மணிக்கு ஏழெட்டு கிராம்தான் எரிக்கும். ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடும் குறையும், ஆனால் அவசரப்படுத்த முடியாது. அன்றைக்கு ஒன்பது மணிக்கு ஆரம்பித்து ஐந்து ரவுண்டு, 95 கிராம். வகுத்துப் பாருங்கள், மறுநாள் காலை ஒன்பது, பத்து மணி வரை ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். நாலு மணிக்கு எழுந்தபோது எனக்குப் போதையே இன்னும் இறங்கவில்லை. ஹேங்ஓவர் உச்சத்துக்குப் போவது ரத்தத்தில் ஆல்கஹால் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு வரும்போதுதான். பத்து மணிக்கு நான் பட்ட பாட்டை எழுத வேண்டாம்.

உடம்புக்குள் ஒரே நேரத்தில் பல வேலைகள் நடக்கின்றன. சிறுநீரைக் கட்டுப்படுத்தும் வாசோபிரெசின் என்ற ஹார்மோனை ஆல்கஹால் அடக்கிவிடுகிறது, அதனால்தான் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பாத்ரூம். ஈரல் ஆல்கஹாலை முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாற்றி, அப்புறம்தான் அசிடேட்டாக்கி வெளியே தள்ளுகிறது. இரைப்பை எரிகிறது. உடம்பு முழுக்க லேசான அழற்சி. தூக்கம் சீக்கிரம் வரும், ஆனால் பின்னிரவில் உடைந்துவிடும். மூளையை ஆல்கஹால் மந்தப்படுத்தி வைத்திருந்ததால், அது விலகும்போது மூளை எதிர்த்திசையில் துள்ளுகிறது. காலையில் காரணமே இல்லாமல் வரும் பயமும் படபடப்பும் அதனால்தான். ஆக, தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தால் எல்லாம் சரியாகிவிடாது.

தடுப்பது என்றால் உருப்படியான வழி ஒன்றுதான்: குறைவாக, மெதுவாகக் குடிப்பது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஆரம்பித்தால் ஆல்கஹால் ரத்தத்தில் ஏறும் வேகம் குறையும். ஒவ்வொரு ரவுண்டுக்கும் நடுவில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். தாகத்துக்கு மட்டுமல்ல, கை கிளாஸுக்குப் போகாமல் இருக்கவும். அப்புறம், கிளாஸ் காலியாகும் முன்னே யாரையும் ஊற்ற விடாதீர்கள். பாதியில் ஊற்றினால் எத்தனையாவது என்பது யாருக்கும் தெரியாது. பிராந்தி, விஸ்கி போன்ற அடர்நிறச் சரக்குகளில் காஞ்சினர் எனும் துணைப்பொருட்கள் அதிகம், வோட்காவில் மிகக் குறைவு. அவை தலைவலியைக் கொஞ்சம் கூட்டும். அதற்காக வோட்காவை அளவில்லாமல் குடித்தால் அதே கதிதான். பீர் முதலா, வைன் முதலா என்று ஒரு பஞ்சாயத்து உண்டே, அதை ஜெர்மனியில் 90 பேரை வைத்துச் சோதித்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். வரிசையால் ஒரு வித்தியாசமும் இல்லை.

வந்துவிட்டதா? தண்ணீரோ ஓஆர்எஸ் கரைசலோ மடக்கு மடக்காகக் குடியுங்கள், வயிறு ஏற்கிற அளவுக்கு லேசாகச் சாப்பிடுங்கள், இருட்டறையில் படுங்கள். காபி முழிப்பைத் தரும், ஆல்கஹாலை வேகமாக வெளியேற்றாது. காலையில் இன்னொரு பெக் போடச் சொல்லும் நண்பர், வலியைச் சாயங்காலத்துக்குத் தள்ளி வைக்கிறார், அவ்வளவுதான். மாத்திரையில் கவனம் தேவை: ஆல்கஹாலோடு சேர்ந்தால் பாராசிட்டமால் ஈரலுக்கு ஆபத்தாகலாம், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் ஏற்கெனவே புண்பட்ட இரைப்பையைக் கிளறும். ஹேங்ஓவரைப் போக்கும் என்று விற்கும் பொடிகளையும் நான் வாங்கியிருக்கிறேன். காசு போனது, தலைவலி போகவில்லை.

ஒன்றை மட்டும் ஹேங்ஓவர் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். ஒருவரை எவ்வளவு உலுக்கியும் எழுப்ப முடியவில்லை, மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவு அல்லது இரண்டு மூச்சுக்கு நடுவே பத்து வினாடி இடைவெளி, உதடு நீலம் என்றால் அது ஆல்கஹால் விஷமாகிவிட்ட நிலை. ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். "தூங்கினால் தெளிந்துவிடும்" என்று தனியாக விட்டுப் போகக் கூடாது.

அந்தப் புத்தாண்டுக் காலை எட்டு மணிக்கு, முகம் கழுவிவிட்டு நான் நிதானமாகத்தான் இருப்பதாக நினைத்து பைக் சாவியைத் தேடினேன். குடிக்காத ஒரே நண்பன் அதை எடுத்து ஒளித்து வைத்திருந்தான். வாய்க்கு வந்தபடி திட்டினேன். மத்தியானம் வரை அவன் தரவே இல்லை.