ஒரே கட்டா, ஊருக்கு ஊர் ஏன் மாறுது? செட்டிநாட்டிலிருந்து வந்த கராத்தே கேள்விகளுக்குப் பதில்கள்

தேவகோட்டை மாணவர்: மாஸ்டர், நான் ஷோட்டோகான் ஸ்டைல். வீடியோல ‘சிண்டோ’ன்னு ஒரு கட்டா (வரிசையாச் செய்ற அசைவுத் தொகுப்பு) பார்த்தேன். நாங்க செய்ற கங்காக்கு மாதிரியே இருக்கு, ஆனா மூலைவாட்டுல போகுது. அவங்க தப்பா செய்றாங்களா?

தப்பில்லை தம்பி. ரெண்டும் ஒரே வேர்தான். ஜப்பானோட ஒக்கினாவா தீவுல அதுக்குப் பேர் சிண்டோ. ஷோட்டோகானை ஆரம்பிச்ச ஃபுனகோஷி 1922ல டோக்கியோவுல கராத்தேயைச் செய்து காட்டினார். பிறகு அங்கேயே தங்கிச் சொல்லிக் கொடுத்தப்ப பல கட்டாக்களோட பேரை மாத்தினார். சிண்டோ கங்காக்கு ஆச்சு, வான்ஷு எம்பி ஆச்சு, செய்சான் ஹங்கெட்சு ஆச்சு.

திசை மாறினதுக்குக் காரணம் வேற. இதோசு ஆசான் வழியில வந்த சிண்டோ முன்னும் பின்னுமா நேர்க்கோட்டுல போகும். க்யான் சோட்டோக்கு ஆசான் வழியில 45 டிகிரி சாய்வு. தொமாரி ஊர் வழியில இடமும் வலமும். மூணுமே பெரிய ஆசான்கள் கைப்பட வந்தவை. அதனால ‘எது ஒரிஜினல்’னு சண்டை போடாதீங்க. நீங்க செய்றது யார் வழியா வந்ததுன்னு உங்க மாஸ்டர்கிட்ட கேளுங்க. அது தெரியாம கட்டா செய்றது எனக்குப் பெரிய குறையாப் படுது.

பள்ளத்தூர் அம்மா: பையன் கோஜுஷிஹோ ஷோ கட்டா பழகினான். கேம்ப்ல வேற மாஸ்டர் அதையே டாய்ங்கிறார். யார் சொல்றது சரி?

ரெண்டு பேரும் சரிதாம்மா. ஜேகேஏ (ஜப்பான் கராத்தே சங்கம்) ‘ஷோ’ன்னு சொல்றதைக் கனசாவா மாஸ்டர் ஆரம்பிச்ச எஸ்கேஐஎஃப் சங்கம் ‘டாய்’ங்கும், அவங்க ‘டாய்’ங்கிறதை இவங்க ‘ஷோ’ம்பாங்க. சின்னப் பிள்ளைங்க கட்டாவுலயும் இது உண்டு: ஷோட்டோகானோட ஹெயான் ஷோதான்தான் மத்த ஸ்டைல்கள்ல பினான் நிதான். போட்டியில எந்தப் பேரைச் சொல்லணும்னு முன்னாடியே கேட்டு வச்சுக்குங்க.

காரைக்குடி, பிரவுன் பெல்ட்: வான்கான் கட்டா இவ்வளவு சின்னதா இருக்கே, போட்டிக்கு ஆகுமா?

ஷோட்டோகான் வான்கான் சின்னதுதான், கியாயும் (உரக்கக் கத்துறது) ஒரே இடத்துல. ஷிட்டோ-ரியு ஸ்டைல்ல வான்கான்னும் மாட்சுகாஸேன்னும் சொல்றது இதைவிட நீளம். சின்ன கட்டாவுல ஒரு அடி தவறினாலும் மறைக்க இடமில்லை. நல்லாப் பழகாம எடுக்காதீங்க.

புதுவயல் மாணவி: அனான் கட்டா எந்த ஸ்டைல் மாஸ்டர்?

ரியூஎய்-ரியு. ரொம்ப நாள் நகாயிமா குடும்பத்துக்குள்ளேயே கைமாறி வந்த கலை. சகுமோட்டோ சுகுவோ 1984, 1986, 1988 மூணு உலகப் போட்டியிலும் கட்டாவுல ஜெயிச்ச பிறகுதான் அனானை உலகமே திரும்பிப் பார்த்தது. அவரோட சிஷ்யர் கியுனா ரியோ 2021ல டோக்கியோ ஒலிம்பிக் தங்கம் வாங்கினது ஓஹான் டாய்ல. அதுவும் ரியூஎய்-ரியு கட்டாதான். ஒரு குடும்பம் பத்திரமா வச்சிருந்தது ஒலிம்பிக் மேடை வரைக்கும் போச்சுன்னு நினைச்சாலே எனக்குச் சிலிர்க்குது. ஆனா வீடியோ பார்த்துப் பழகாதே தங்கச்சி. ஷோட்டோகான் உடம்போட அனான் செய்தா ரெண்டும் கெட்டுடும்.

கானாடுகாத்தான் ஆச்சி: பேரன் வீட்டு வளவு முற்றத்துல ஆத்தங்குடித் தரைக்கல்லு மேல உன்சு கட்டான்னு சுழண்டு குதிக்கிறான். வழுக்குமேப்பா?

வழுக்கும் ஆச்சி. ஷோட்டோகான் உன்சுவுல முழுச் சுத்துச் சுத்திக் குதிச்சுத் தரையில விழணும். எண்ணெய் போட்டுத் துடைச்ச கல்லுல அது கூடவே கூடாது. குதியை மட்டும் கிளாஸ்ல மேட் மேல பழகட்டும். வளவுல ஹெயான் செய்யச் சொல்லுங்க. தொடங்கின கல்லுக்கே வந்து முடிக்கிறானான்னு நீங்களே பார்த்துச் சொல்லலாம்.